பதினாறில் நின்ற ஊசி

மாமனார்: ...ஹலோ! நான் பேசறது கேக்குதாம்மா?

மருமகள்: கேக்குது மாமா. போனே வேண்டாம். நீங்க கத்துறது மலை மேல நேராவே கேக்குது.

மாமனார்: பஸ்ஸுல "உள்ள போ, உள்ள போ"ன்னு கத்தியே வளந்த தொண்டைம்மா இது. ரிட்டயர் ஆனா மட்டும் சின்னதாயிருமா? சரி, பம்ப் ரூமுக்குள்ள வந்துட்டேன். சுவத்துல ரெண்டு மீட்டர் இருக்கு. ஒண்ணு பழசு, குண்டா, மூஞ்சியெல்லாம் மஞ்சளா. இன்னொண்ணு காலையில நீ மாட்டிட்டுப் போன சின்னது.

மருமகள்: சின்னதைப் பாருங்க. ஊசி எங்க நிக்குது?

மாமனார்: நிக்கலை. படுத்துத் தூங்குது.

மருமகள்: தூங்கட்டும், நான் இன்னும் எழுப்பலை. மாமா, போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வெச்சிருக்கேன். ரெண்டு கையிலயும் வேலை.

மாமனார்: நான் எப்பவுமே ஸ்பீக்கர்தான். காதுல வெச்சா எனக்கு எங்க கேக்குது? ...உன்கூட யாரு அங்க, ஊர்த் தண்ணித் தொட்டிகிட்ட?

மருமகள்: ம்... வாட்ச்மேன். தொட்டிக்குள்ள கோலை விட்டுத் தண்ணி எத்தனை மீட்டர்னு அளந்து சொல்ல ஒரு ஆள் வேணும்ல. உங்ககூட?

மாமனார்: எனக்கு யாரு துணை? நானும் ஒரு பல்லியும்.

மருமகள்: அப்பாவைக் கூப்பிட்டீங்களா?

மாமனார்: கூப்பிட்டேன், கூப்பிட்டேன். "அந்த ரூமுக்குள்ள இனிமே கால் வைக்க மாட்டேன்"னுட்டாரு. சம்பந்திக்கு ரோஷம் மூக்கு மேல உக்காந்திருக்கு, தெரியாதா உனக்கு.

மருமகள்: ...சரி, விடுங்க.

மாமனார்: அந்த மீசைக்காரன் எப்ப வர்றான்?

மருமகள்: யாரு மாமா?

மாமனார்: விசாரணை அதிகாரிதான்! சைக்கிள் ஹேண்டில் பார் மாதிரி ஒரு மீசை வெச்சுக்கிட்டு...

மருமகள்: மாமா, மெதுவா!

மாமனார்: கேக்கறதுக்கு யாரு இருக்கா? அன்னிக்கு என்ன சொன்னான்? மிக்ஸி ரிப்பேர் பண்ற பொண்ணு இதுல என்னத்தைக் கிழிக்கும்னு...

மருமகள்: அப்படிச் சொல்லலை. "மிக்ஸி வேற, இது வேற"ன்னாரு. அவ்வளவுதான். இன்னிக்கு ஒரு மத்தியானம் டைம் குடுத்திருக்காரே, அதுவே பெருசு.

மாமனார்: நீ என்ன, அவனுக்கு வக்காலத்து வாங்குற?

மருமகள்: வாங்கலை... அய்யோ, வயரை ஒட்டவைக்க உருக்கின ஈயம் கையில சொட்டப் பாத்துச்சு. கொஞ்ச நேரம் பேச்சுக் குடுக்காதீங்க.

மாமனார்: ...

மருமகள்: ...

மாமனார்: கொஞ்ச நேரம் ஆயிருச்சாம்மா?

மருமகள்: மாமா!

மாமனார்: இல்ல, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நாளைக்கு டீக்கடையில எவனாவது கேட்டா நான் பதில் சொல்லணும்ல. என் மருமக மலை மேல உக்காந்து என்னதான் செய்றா?

மருமகள்: வோல்டேஜைக் கரண்ட்டா மாத்துறா.

மாமனார்: கரண்ட்டுதான் வீட்டுக்கு வீடு வருதே! அதை நீ எதுக்கும்மா புதுசா செய்யணும்?

மருமகள்: அந்தக் கரண்ட் இல்ல மாமா. எல்லாத்துக்கும் ஒரே பேரை வெச்சுட்டாங்க, நான் என்ன பண்ண? கம்பிக்குள்ள ஓடுதே, அது கரண்ட். அதைப் பின்னால இருந்து தள்ளுறது வோல்டேஜ். உங்க பஸ்ஸுல கூட்டம் ஏறும்போது படியில நிக்கிறவன் ஒரு தள்ளு தள்ளுவான்ல? அந்தத் தள்ளு முன் சீட்டு வரைக்கும் அப்படியே வந்து சேருமா?

மாமனார்: எங்க சேரும்? நடுவுல நாலு குண்டு ஆள் நின்னா பாதியிலேயே அமுங்கிரும்.

மருமகள்: அதுதான் நடந்துச்சு. தண்ணி ஏறினா மிதவை ஏறும். மிதவை ஏறினா வோல்டேஜ் ஏறும். அந்த வோல்டேஜை அப்படியே ரெண்டு கிலோமீட்டர் கம்பியில கீழ அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. வழியில ஒரு ஜாயிண்ட் மழையில நனைஞ்சு கெட்டாப் போதும், தள்ளு அங்கயே குறைஞ்சிரும். தொட்டி நிறைஞ்சிருக்கும், கீழ ஊசி பாதின்னு காட்டும்.

மாமனார்: பாதின்னு காட்டினா ஆபரேட்டர் பம்பை ஓட விடத்தான் செய்வாரு.

மருமகள்: அப்பா அதைத்தான் செஞ்சாரு. தொட்டி வழிஞ்சு, தண்ணி மலையில இறங்கி, பள்ளிக்கூடச் சுவரைச் சாய்ச்சிருச்சு. நல்லவேளை, அன்னிக்கு லீவு. "ஊசி பாதியிலதான் நின்னுச்சு"ன்னு அப்பா சொன்னாரு. மறுநாள் இவங்க... அவங்க வந்து பாக்கறப்போ மழை விட்டு வெயிலடிச்சு, ஜாயிண்ட் காஞ்சு போச்சு. ஊசி ஒழுங்காக் காட்டுச்சு.

மாமனார்: ஆபரேட்டர் தூங்கிட்டாருன்னு முடிச்சுட்டாங்க. நீ என்னம்மா நினைச்ச? அன்னிக்கு?

மருமகள்: இப்ப எதுக்கு அது?

மாமனார்: சும்மா. நேரம் போகணும்ல.

மருமகள்: அப்பா பொய் சொன்னா ரெண்டு காதும் சிவந்துரும் மாமா. "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா, சாப்பிடாமலே "ஆச்சு"ன்னு சொல்லும்போது பாக்கணும், மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கும். அன்னிக்கு விசாரணையில நான் பின்னால நின்னு அவர் காதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சிவக்கவே இல்ல.

மாமனார்: நல்ல சாட்சி! காதைப் பாத்துத் தீர்ப்பு சொல்ற கோர்ட்டு உன் ஒருத்திகிட்டதான் இருக்கு.

மருமகள்: அதனாலதான் ஊசியைப் பாத்துச் சொல்ற கோர்ட்டுக்கு வந்திருக்கேன். அவரு இப்ப பெரிய தெரு வழியாப் போறதில்ல, தெரியுமா? பின் சந்துல சுத்திக்கிட்டுப் போறாரு. ஊருக்கெல்லாம் தண்ணி விட்ட மனுஷன், தெருக்குழாய்கிட்ட நாலு பேர் நின்னா அந்தப் பக்கம் திரும்பிடறாரு... சரி, போதும். மிச்சத்தைப் பத்தவைக்கிறேன்.

மாமனார்: ...ம். இரு, இரு. சரி, தெரியுது...

மருமகள்: யார்கிட்ட பேசறீங்க?

மாமனார்: பல்லிகிட்ட. நீ வேலையைப் பாரு. வோல்டேஜ் வழியில அமுங்கிரும்னா உன்னோட கரண்ட் மட்டும் அமுங்காதா?

மருமகள்: அமுங்காது. பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் மாதிரி வெச்சுக்கோங்க. நடுவுல ஸ்டாப்பிங் இல்ல. ஏறினவன் அத்தனை பேரும் கடைசியிலதான் இறங்கியாகணும். ரோடு மோசமா இருந்தாலும் தலை எண்ணிக்கை மாறாது.

மாமனார்: அட! நாப்பது டிக்கெட் கிழிச்சா நாப்பது தலை இறங்கும்!

மருமகள்: அவ்வளவுதான். தண்ணி எத்தனை மீட்டரோ அதுக்குத் தக்கபடி இத்தனை பேர்தான்னு எண்ணி ஏத்தி விடறதுதான் இந்தச் சின்ன போர்டோட வேலை. எட்டுக் கால் வெச்ச ஒரு சிப்பு. மூணு கால் வெச்ச ஒரு டிரான்சிஸ்டர். ரெசிஸ்டர் நாலு. பன்னெண்டு வோல்ட் பேட்டரி ஒண்ணு.

மாமனார்: இவ்வளவுதானா? நான் பெரிய மெஷினா இருக்கும்னு நினைச்சேன்.

மருமகள்: உள்ளங்கையில அடங்கிரும். எனக்கு வேண்டியது இருநூத்தம்பது ஓம் ரெசிஸ்டர். அந்த அளவுல கடையில கிடைக்கலை. ஆயிரம் ஓம்ல நாலை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல சேத்து முறுக்கிட்டேன். நாலுல ஒரு பங்கு, இருநூத்தம்பது வந்துருச்சு.

மாமனார்: சிப்பு என்ன பண்ணும்? டிரைவரா, கண்டக்டரா?

மருமகள்: டிரைவர். டிரான்சிஸ்டர்தான் ஆக்ஸிலேட்டர். கரண்ட் அந்த நாலு ரெசிஸ்டர் வழியாப் போகும்போது அங்க ஒரு வோல்டேஜ் வரும். சிப்பு ஒரு கண்ணால மிதவையோட வோல்டேஜைப் பாக்கும், இன்னொரு கண்ணால ரெசிஸ்டர்ல வர்ற வோல்டேஜைப் பாக்கும். ரெண்டும் சமமாகற வரைக்கும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். கூடிட்டா விடும். தொட்டி காலின்னா நாலு மில்லி ஆம்பியர் கரண்ட். நாலு மீட்டரும் நிறைஞ்சா இருபது மில்லி.

மாமனார்: காலின்னா பூஜ்ஜியம்தானே? அது என்ன நாலு?

மருமகள்: பூஜ்ஜியம் வந்தா கம்பியே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். காலித் தொட்டியும் அறுந்த கம்பியும் ஒரே மாதிரி தெரியலாமா?

மாமனார்: அடேயப்பா... இதையெல்லாம் எப்பம்மா யோசிச்ச? என் மகன் உன்னைக் கட்டிக்கிட்டு வந்தது அவன் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம்.

மருமகள்: இதை அவர்கிட்ட சொல்லட்டுமா?

மாமனார்: தாராளமா. ஏற்கெனவே அவன்கிட்டயே சொல்லியிருக்கேன்.

மருமகள்: ஆச்சு. பேட்டரி குடுக்கறேன். சின்ன மீட்டரைப் பாருங்க... இப்ப!

மாமனார்: யம்மா! ஓடுது, ஓடுது... கடைசியில போய் டொக்குன்னு முட்டி நிக்குது! இருபதையும் தாண்டி!

மருமகள்: ஆஃப் பண்ணிட்டேன். இருக்க முடியாதே... தொட்டி நிறைஞ்சாலே இருபதுதான்.

மாமனார்: டிரைவருக்குப் பிரேக் பிடிக்கலையோ?

மருமகள்: பிரேக் இல்ல, ஒரு கண்ணு தெரியலை. எத்தனை பேர் ஏறினாங்கன்னு தெரியாம மிதிச்சுக்கிட்டே இருக்காரு. ரெசிஸ்டர்ல இருந்து சிப்போட ரெண்டாங் காலுக்கு வர்ற வயர்... இதோ. ஈயம் உருண்டையா நிக்குது, ஒட்டவே இல்ல. நீங்க பேச்சுக் குடுத்தீங்கள்ல, அப்ப வெச்சது.

மாமனார்: பழியை என் மேல போட்டாச்சா? போடு, போடு. மாமனார்னா வேற எதுக்கு?

மருமகள்: இப்ப சரி. ஆன் பண்றேன். மாமா, நான் அளவு சொல்ல மாட்டேன். முதல்ல நீங்க படிச்சுச் சொல்லணும், அப்புறம்தான் இங்க கோலைப் பாப்போம்.

மாமனார்: ஏன், என்னை நம்பலையா?

மருமகள்: அதுதான் முறை. சொல்லுங்க.

மாமனார்: இரு... ம்... பதினாறு.

மருமகள்: நல்லாப் பாத்தீங்களா?

மாமனார்: பதினாறுக் கோட்டு மேலயே. ஒரு நூல் கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்ல.

மருமகள்: பதினாறுன்னா மூணு மீட்டர். ...கோல்லயும் மூணு! மூணு மீட்டர், மாமா!

மாமனார்: ஆங்! சொன்னேன்ல!

மருமகள்: நீங்க எங்க சொன்னீங்க? இருங்க, பெரிய வேலை இனிமேதான். அந்த மழைநாள்ல கெட்ட ஜாயிண்ட்டை மலைச்சரிவுல தேடிக் கண்டுபிடிச்சு, அப்படியே வெட்டி எடுத்துட்டு, அங்க புதுக் கம்பி சேத்துட்டு வந்திருக்கேன். உள்ள பச்சையாக் களிம்பு பூத்திருக்கு. காஞ்சா நல்ல பிள்ளை, நனைஞ்சா வேலையைக் காட்டும். முதல்ல இதைப் பழைய லைன்ல சேத்து, தண்ணி ஊத்தறேன். குண்டு மீட்டரைப் பாருங்க. இப்ப எத்தனை?

மாமனார்: மூணு மீட்டர்.

மருமகள்: ஊத்தறேன்.

மாமனார்: மூணுதான்... இல்ல, இறங்குது. ரெண்டரை... ரெண்டு... இன்னும் இறங்குதும்மா... ஒண்ணரைக்கிட்ட வந்து நின்னுருச்சு.

மருமகள்: கோல்ல இன்னும் மூணு மீட்டர்தான் மாமா. தண்ணி அப்படியே இருக்கு. ஊசி மட்டும் பாதிக்கு வந்துருச்சு. அப்பா சொன்ன மாதிரியே. மாமா? லைன்ல இருக்கீங்களா?

மாமனார்: ...இருக்கேன்.

மருமகள்: என்ன சத்தம் அது?

மாமனார்: நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மருமகள்: கால் வலிக்குதா?

மாமனார்: இல்ல, உக்காந்தா தேவலைன்னு இருந்துச்சு. நீ... நீ மேல செய்மா.

மருமகள்: இப்ப அதே ஜாயிண்ட்டை என் லைன்ல, சின்ன மீட்டருக்குப் போற கம்பியில, சேக்கறேன். ஈரத்தோட. சின்ன மீட்டரைப் பாருங்க. பதினாறு அசையக் கூடாது.

மாமனார்: பாக்கறேன்.

மருமகள்: சேத்துட்டேன். சொல்லுங்க.

மாமனார்: பதிமூணும்மா.

மருமகள்: பதிமூணா? சரியாப் பாருங்க!

மாமனார்: பதிமூணுதான். இறங்கிப் போய் நின்னுருச்சு. பரவால்லம்மா. பழசு பாதிக்குப் பாதி விழுந்துச்சு, உன்னது மூணுதானே விழுந்திருக்கு. அந்த மீசைக்காரனுக்கு இதுவே...

மருமகள்: மூணு மில்லின்னா முக்கால் மீட்டர் தண்ணி மாமா. இன்னொரு சுவரு சாயறதுக்கு அது போதும். இல்ல, இது சரிப்படாது.

மாமனார்: பதட்டப்படாத. ஒரு வாய் தண்ணி குடி. தொட்டி நிறைய இருக்குல்ல.

மருமகள்: எண்ணிக்கை குறையக் கூடாதே... சிப்பு மிதிக்குது, முழுசா மிதிக்குது. மிதிச்சும் போகலைன்னா...

மாமனார்: மிதிச்சும் வண்டி ஏறலைன்னா, மேட்டுக்கு இந்த இன்ஜின் பத்தலைன்னு அர்த்தம். அந்தக் காலத்துல மலை ரூட்டுல பெரிய இன்ஜின் வண்டியைத்தான் விடுவாங்க.

மருமகள்: ...மாமா!

மாமனார்: என்னம்மா? தப்பா சொல்லிட்டேனா?

மருமகள்: பன்னெண்டு வோல்ட் பத்தலை! ரெசிஸ்டருக்கே நாலு வோல்ட் போயிடுது. மிச்சத்தை வெச்சுக்கிட்டு அந்த ஈர ஜாயிண்ட்டைத் தாண்ட முடியலை. போர்டுல தப்பில்ல. இன்னொரு பேட்டரியைப் பின்னால கோத்து இருபத்துநாலு ஆக்கினா... ஆனா இன்னொரு பேட்டரிக்கு இப்ப எங்க போறது?

மாமனார்: நான் எங்கயாவது பிடிச்சுட்டு மேல வரட்டுமா?

மருமகள்: வேண்டாம் மாமா... ஒரு நிமிஷம். ...அப்படியா சார்? பரவால்லையா? ...ரொம்ப தேங்க்ஸ்... மாமா, ஜீப் பேட்டரி கிடைச்சிருச்சு.

மாமனார்: ஜீப்பா? மலை மேல ஏது ஜீப்பு?

மருமகள்: அது... நிழல்ல ஒண்ணு நிறுத்தியிருக்கு.

மாமனார்: யாரோ நிறுத்தின ஜீப்புல பேட்டரியைக் கழட்டுறியா? பாத்தும்மா, ஒரு விசாரணையே போதும் நம்ம குடும்பத்துக்கு.

மருமகள்: கேட்டுத்தான். அவரே ஸ்பேனர் எடுத்துக் கழட்டிக்கிட்டு இருக்காரு.

மாமனார்: வாட்ச்மேனா? அவரையா "சார்"னு கூப்பிட்ட? நல்ல மனுஷனா இருப்பாரு போல.

மருமகள்: ...நல்லவர்தான் மாமா. கோத்துட்டேன். இருபத்துநாலு வோல்ட். டிரான்சிஸ்டர் சூடாகும், அதுக்கு ஒரு அலுமினியத் தகடு மாட்டியிருக்கேன். ஜாயிண்ட் லைன்லதான் இருக்கு, ஈரமாவே. பாருங்க.

மாமனார்: ஏறுது... பதினாலு... பதினஞ்சு...

மருமகள்: ம்?

மாமனார்: பதினாறு.

மருமகள்: நிக்குதா?

மாமனார்: நிக்குது.

மருமகள்: இருங்க, இன்னும் ஒரு குடம் ஊத்தறேன். இப்ப?

மாமனார்: பதினாறு.

மருமகள்: ஜாயிண்ட்டைப் பிடிச்சு ஆட்டறேன். இப்ப?

மாமனார்: பதினாறும்மா! ஆணி அடிச்சு மாட்டின மாதிரி நிக்குது! கோல் என்ன சொல்லுது?

மருமகள்: மூணு மீட்டர். அதே மூணு மீட்டர்தான் மாமா!

மாமனார்: யம்மா, நீ யாருன்னு இந்த ஊருக்கு இனிமேதான் தெரியப்போகுது! டீக்கடையில நாளைக்கு எவனாவது "மிக்ஸிக்காரி"ன்னு சொல்லட்டும்... அந்த மீசையை இங்க கூட்டிட்டு வந்து, மீட்டர் முன்னால நிக்க வெச்சு...

மருமகள்: மாமா, மாமா, போதும்! கோல் பிடிச்சது வாட்ச்மேன் இல்ல.

மாமனார்: பின்ன?

மருமகள்: அதிகாரி சார்தான். ஆரம்பத்துல இருந்து இங்கதான் இருக்காரு. தான் இருக்கறது தெரிஞ்சா கீழ இருக்கறவங்க தங்களுக்குச் சாதகமான கணக்கைப் படிச்சுருவாங்க, சொல்ல வேண்டாம்னாரு. அது அவரோட ஜீப்புதான்.

மாமனார்: ...மீசைன்னு நான் மரியாதையாத்தான் சொன்னேன். எல்லாருக்கும் அப்படி ஒரு மீசை அமையாதும்மா.

மருமகள்: சிரிக்கிறாரு மாமா. மீசையைத் தடவிக்கிட்டே சிரிக்கிறாரு. ஊசியை இவ்வளவு துல்லியமா யாரு படிச்சாங்கன்னு கேக்கறாரு. உங்க பேரைச் சொல்லிடறேன்.

மாமனார்: சொல்லாத.

மருமகள்: ஏன்?

மாமனார்: என் மூக்குக் கண்ணாடி வீட்டு மேஜை மேல இருக்கும்மா. எனக்கு அந்த மீட்டர் ஒரு வட்டமாத் தெரியுது, அவ்வளவுதான். ஊசி இருக்கறதே தெரியலை.

மருமகள்: அப்ப இவ்வளவு நேரம்...

மாமனார்: உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் கூட வந்தாரு. ஒருவேளை இது ஓடலைன்னா, நீ தன் முன்னால தோத்த மாதிரி ஆயிரக் கூடாதாம். நீ பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு, என் காதுல ஒவ்வொரு நம்பரா சொன்னாரு... இந்தாங்க சம்பந்தி, வாயைத் திறங்க. இதுக்கு மேல என்னால நடிக்க முடியாது.

மருமகள்: ...அப்பா?

அப்பா: பதினாறும்மா. இன்னும் அசையலை. ...சாரு கேட்டாருன்னா, படிச்சது பம்ப் ஆபரேட்டர்னு நீயே சொல்லிடு. ஆனா இதைச் செஞ்சது யாரு பொண்ணுன்னு மட்டும் நீ சொல்லாத. அதை நான் சொல்லணும். போனை அவர்கிட்ட குடு.